முன்னாடி நிக்கிற லாரி எவ்வளவு தூரம்

பதினோரு மீட்டருங்குறான். கண்ண மூடித் தொறந்தா நாலுங்குறான். அப்புறம் முப்பது. அப்புறம் லாரியே இல்லங்குறான். லாரி அப்படியேதான் நிக்குது, ரயில்வே கேட்டு போட்டிருக்கு, அது எங்க போவும், பறந்தா போவும். செங்கல் லோடு, பின்பலகையில மயில் படம், மயிலுக்கு ஒரு காலு அழிஞ்சு போயி நொண்டிக்கிட்டு நிக்குது, அந்த மயிலே இவன விடத் தெளிவா இருக்கு. இவன்னா இந்த முட்டைக்கண்ணன், ரெண்டு லென்ஸு வச்ச கேமரா. அவன் பக்கத்துல இன்னொருத்தன், டார்ச்சுன்னு நான் பேரு வச்சிருக்கேன், நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த அவனே எறிஞ்சு, அது முட்டித் திரும்பி வர்ற நேரத்த வச்சுத் தூரம் சொல்லுவான். ரெண்டு பேரையும் என் பக்கத்துச் சைடு கண்ணாடிக் கம்பியில ஒயரு சுத்திக் கட்டியிருக்கேன், கல்யாண வண்டியில வாழ மரம் கட்டுன மாதிரி. மடியில லேப்டாப், பாதித் திரை இவன், பாதித் திரை அவன். கிட்ட இருக்குறது செவப்பு, தூரத்துல இருக்குறது நீலம், ஒண்ணுமே புரியலன்னா கறுப்பு. இப்ப பாதிக்கு மேல கறுப்புதான், என் மண்ட மாதிரி. போன் அதிருது. என் சேக்காளி இர்ஃபான். ‘எதுடா?’ ஒரே வார்த்த. அவன் கம்பெனியில சொல்லி இரவல் வாங்கிக் குடுத்த கேமராங்க, ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ண இன்னிக்கு பஸ்ஸுல பார்சல் போட்டாவணும், காலையில அவன் மேனேஜர் அலமாரியத் தொறக்குறப்ப அது அங்க இருக்கணும். எது. நானும் அதத்தான் கேக்குறேன், எது. இந்த ஒத்த வார்த்தைக்கு பதில் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் மூணாவது வருசத்துல காலேஜ விட்டுட்டு பால் வண்டியில உக்காந்திருக்கேன், எல்லா கேள்விக்கும் ‘ஏதேனும் ஒன்று’ன்னுதான் நான் எழுதுவேன்.

“மாப்ள, என்னா சொல்றான் உன் ஆளு”ங்குறாரு மாமா ஸ்டீரிங் மேல ரெண்டு கையையும் போட்டுக்கிட்டு. தணிகாசலம், எங்க அக்கா பூங்கோதையோட வீட்டுக்காரு, இந்தப் பால் வண்டிக்கு டிரைவரு, ஓனரு, ஹாரன் எல்லாமே அவருதான். “லாரி இல்லங்குறான் மாமா, போலாங்குறான்.” “போயிடுவோமா?” “போலாம், பால் சிந்துனா மயிலு குடிச்சுக்கும்.” சிரிக்கிறாரு. நல்லா சிரிப்பாரு மாமா, தோளு ரெண்டும் குலுங்கும், அந்தச் சிரிப்புக்காகவே நான் நாள் பூரா என்னத்தையாவது உளறிக்கிட்டே இருப்பேன், எனக்கு வேற என்ன தெரியும், இதுவும் கொஞ்சம் கம்ப்யூட்டர் கோடு எழுதுறதும். பின்னாடி கேனுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது. சாயங்காலப் பாலு. குளிரூட்டுற நெலையத்துல எறக்கிட்டு, வீட்டுக்குப் போயி சாப்ட்டு, ஒரு தூக்கம் போட்டு, கோழி கூவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு கடலூர் ட்ரிப்பு. அந்த ட்ரிப்புதான். ரோட்டுல லைட்டு கெடையாது, கரும்பு டிராக்டருங்க பின்னாடி செவப்பு வெளக்கு கெடையாது, ட்ரெய்லரு ரெண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கிட்டு, இருட்டோட இருட்டா ஒரு காடே ரோட்டுல நகந்து போற மாதிரி போவும். அதுக்குத்தான் கேமரா. அதுக்குத்தான்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன். ‘இருட்டுல முன்னாடி என்ன இருக்கு, எவ்ளோ தூரத்துல இருக்குன்னு பாத்துப் பீப் பீப்னு கத்தும் மாமா, நம்ம வண்டிக்கு மட்டுமில்ல, ஊருல இருக்குற எல்லா பால் வண்டிக்கும் விக்கலாம், நீங்க மொதலாளி, நான் கம்ப்யூட்டர் மொதலாளி’ன்னு. நம்புனாரா தெரியல. நம்புன மாதிரி தலைய ஆட்டுனாரு. நானும் நம்புன மாதிரிதான் சொன்னேன்.

வெளிச்சம் எறங்குது. மேக்கால ஒரு கோடு மட்டும் மாம்பழத் தோலு மாதிரி கெடக்கு. கேட்டுக்குக் கீழ சைக்கிள்காரங்க தலையக் குனிஞ்சு நுழையிறாங்க, ஒரு அம்மா பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு நுழையிறா, கேட்கீப்பரு கத்துறாரு, யாரும் கேக்கல, அவரும் கேப்பாங்கன்னு கத்தல. டார்ச்சு அந்த அம்மாவக் காட்டல. அவ்வளவு தூரம் அவன் வெளிச்சம் போவாது, பாவம், கைக்கெட்டுற தூரத்துல ராசா, அதுக்கு மேல குருடு. லாரியோட நம்பர் பலகைய மட்டும் பிடிச்சுக்கிட்டான், அது மினுக்குற பெயிண்டு, எறிஞ்ச வெளிச்சத்த மொத்தமாத் திருப்பி அடிக்குது, லாரிய விட்டுட்டு பலகை மட்டும் அந்தரத்துல தொங்குது. எரும ரெண்டு வருது ஓரமா, வாலாட்டிக்கிட்டு, எங்கள உரசிக்கிட்டே போவுது, என் கைமுட்டியில அது மூச்சு படுது, சாணியும் வைக்கோலும் கலந்த சூடு. திரையில டார்ச்சு பக்கம் பாக்குறேன். எரும இருக்குற எடத்துல எரும மாதிரியே ஒரு ஓட்ட. கறுப்பு அவன் வெளிச்சத்த முழுங்கிடுது, திருப்பிக் குடுக்கல. இருக்குற எரும இல்லன்னு சொல்றவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண. முட்டைக்கண்ணன் எரும இருக்குங்குறான், ஆனா அது ஏழு மீட்டர்ல இருக்குங்குறான், எரும என் கைய நக்கிட்டுப் போயிடுச்சு. ஒருத்தன் இல்லங்குறான், ஒருத்தன் இருக்கு ஆனா எங்கன்னு தெரியலங்குறான். இதுல எவன வச்சு நான் எங்க மாமாவ இருட்டுல அனுப்புறது. பகல்ல நல்லாத்தான் சொல்றான் முட்டைக்கண்ணன், ஓரளவுக்கு, முன்னப் பின்ன. இருட்டி, எதுத்தாப்புல ஒரு லைட்டு வந்துச்சோ போச்சு, திரை பூராப் பூத்துப் போயி, தீவாளிக்கு வாணம் விட்ட மாதிரி ஆயிடுது. இத வேற யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். எதிர் வெளிச்சம் வந்தா பூத்துப் போவுதுன்னு. இர்ஃபானா. இல்ல. இர்ஃபான் இங்கிலீஷ்ல சொல்லுவான்.

மாமாதான். போன மாசம். கடலூர் ட்ரிப்புக்குப் போன ஒரு விடியக்காலையில. எதுத்தாப்புல ஒரு பஸ்ஸு ஹைபீம் போட்டுக்கிட்டு வந்துச்சு, அது தாண்டுனதும் எங்க முன்னாடி கரும்பு. நேரா முன்னாடி. எனக்கு அது ரொம்ப முன்னாடியே தெரிஞ்சுச்சு, மாமாவுக்கும் தெரியும்னுதான் நான் சும்மா உக்காந்திருந்தேன், அவரு மெதுவாப் பண்ணவே இல்ல, நான் டேஷ்போர்டப் புடிச்சேன், கடைசியில பிரேக்க மிதிச்சாரு பாரு, கேனெல்லாம் ஒண்ணா முன்னாடி வந்து கேபின்ல முட்டுச்சு, ஒரு கரும்புத் தோகை எங்க கண்ணாடியில பட்டுச்சு, பட்டு லேசா தேச்சுச்சு, கர்னு ஒரு சத்தம், இப்பவும் காதுல இருக்கு. மாமா வண்டிய நியூட்ரல்ல போட்டாரு. அப்புறம், “உன்ன பயமுறுத்துனேன் மாப்ள, எப்படி”ன்னாரு. நான் சிரிச்சேன். நான்தான் எதுக்கும் சிரிப்பேனே. “நல்லா பயந்தேன் மாமா, வேட்டி கட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்”னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். கொஞ்ச தூரம் போன பெறகு அவரா, என்கிட்ட இல்ல, கண்ணாடிகிட்ட சொன்ன மாதிரி, “எதிர் வெளிச்சம் வந்தா எல்லாம் பூத்துப் போவுது”ன்னாரு. கண்ணாடியில தூசின்னாரு. ரெண்டு நாள் கழிச்சு டீ. பிளாஸ்கத் தொறந்து எனக்கு ஊத்துறாரு, பகல்ல, நல்ல வெளிச்சத்துல, டம்ளருக்குப் பக்கத்துல ஊத்துறாரு. டம்ளருக்குள்ள இல்ல, பக்கத்துல. தரையில. நான் டம்ளர நகத்தி டீக்குக் கீழ கொண்டு போனேன், அவரு ஊத்தி முடிச்சாரு, ரெண்டு பேரும் ஒண்ணும் நடக்காத மாதிரி குடிச்சோம், ரோடு போடுறதப் பத்திப் பேசுனோம். அதுக்கு அடுத்த நாள்தான் நான் இர்ஃபானுக்குப் போன் பண்ணேன். பாத்தியா, இப்பத்தான் வரிசையாத் தெரியுது. தெரியுதா. தெரியாம இருந்துச்சா. ஒரு மனுசன்கிட்ட ‘உங்க கண்ணக் காட்டுங்க மாமா’ன்னு சொல்றதுக்கு பதிலா ஒரு மெஷினே செய்யக் கெளம்பிட்டேன். நாலு வார்த்த. அதச் சொல்ல வாய் வராம ஆயிரக்கணக்கா வரி கோடு எழுதியிருக்கேன்.

“கடல, அவிச்ச கடல”ன்னு ஒரு அக்கா ஜன்னல் ஜன்னலா வர்றா, தலையில குண்டான், இடுப்புல பேப்பரு. கேட்டு போட்டா அவளுக்குக் கடை தொறந்த மாதிரி. மாமா ரெண்டு பொட்டலம் கேக்குறாரு. அந்தக்கா பொட்டலத்த நீட்டுறா, மாமா ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டிப் புடிக்கிறாரு, விரலு மூடிக்கிச்சு, விரலுக்குள்ள ஒண்ணுமில்ல. பொட்டலம் இன்னும் அங்கதான் இருக்கு, அவ கையில. மறுபடியும் புடிக்கிறாரு. மறுபடியும் காத்து. “என்னண்ணே, புடிங்கண்ணே, வெளையாடிக்கிட்டு. ரயிலு வந்துடும்.” மாமா அவ மணிக்கட்டத் தேடிப் புடிச்சு, அதுலேர்ந்து தடவிக்கிட்டே போயி பொட்டலத்த வாங்குறாரு. “ஏண்ணே கையப் புடிக்கிற, வீட்ல அண்ணி இல்லியா”ன்னு அவ சிரிக்கிறா. நான் எதாச்சும் சொல்லணும். சொல்றதுக்கு நாக்குல நாலஞ்சு ஜோக்கு தயாரா நிக்குது, வரிசையில, ரேஷன் கடையில நிக்கிற மாதிரி, ஒண்ணும் வெளிய வரல. மாமா ஒரு பொட்டலத்த என் பக்கம் போடுறாரு, அது லேப்டாப் மேல விழுந்து கடல உருளுது. சூடா இருக்கு. உப்புத் தண்ணி கீபோர்டுல எறங்குது. எறங்கட்டும்.

கேமரா வந்த அன்னிக்கி ராத்திரி சாப்பாட்டுல அக்கா கேட்டா, அது ஏன்டா இதுக்கு ரெண்டு கண்ணுன்னு. நான் பெரிய வாத்தியாரு மாதிரி, ஒரு கண்ணு போதும் படம் பாக்க, ஆனா தூரம் தெரியணும்னா ரெண்டு வேணும், இந்தக் கண்ணு பாக்குறதுக்கும் அந்தக் கண்ணு பாக்குறதுக்கும் லேசா வித்தியாசம் இருக்கும், அத வச்சுத்தான் மண்ட கணக்குப் போடுது, நம்பலன்னா ஒரு கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கரண்டி நுனியையும் ஒண்ணா சேருன்னேன். அவ சாம்பார் கரண்டியையும் ரசக் கரண்டியையும் எடுத்துக்கிட்டு ஒத்தக் கண்ண மூடி, நாக்க வெளிய நீட்டிக்கிட்டு சேத்தா, தாண்டிப் போயிடுச்சு. அவளுக்கு ஒரே சிரிப்பு. “ஒத்தக் கண்ணால சாம்பார் கூட ஊத்த முடியாது போல, நீங்க செய்ங்க பாப்போம்”னு மாமாகிட்ட நீட்டுனா. மாமா சோத்துல தண்ணி ஊத்திட்டு எந்திரிச்சுட்டாரு. பாதி சோறு தட்டுல. அக்கா, காரம் ஜாஸ்தியான்னு என்னக் கேட்டா. நான் ஆமான்னேன். அந்தப் பொய்ய அவரு பின்கட்டுல கை கழுவிக்கிட்டே கேட்டிருப்பாரு. அப்ப அவரு கண்ணப் பத்தி நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு அவரு தெரிஞ்சுக்கிட்டாரா, இல்ல நான் தெரிஞ்சுக்காத மாதிரி இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டாரா, இது எவன் எவனப் பாக்குறான்னே தெரியாத கேமரா மாதிரி. வருசத்துக்கு ஒரு தடவ டிரைவருங்களுக்குக் கண்ணு பாப்பாங்க. அந்தக் கதைய அவரே சொல்லியிருக்காரு, பண்டிகைக்கு வந்த சொந்தக்காரங்க முன்னாடி, ஜோக்கா. “வலது கண்ண மூடுன்னான், நான் இடதத்தான் மூடுனேன், இடத மூடுன்னான், அப்பவும் இடதத்தான் மூடுனேன், அவன் போன்ல பேசிக்கிட்டே ஓகேன்னு முத்திரை குத்திட்டான்.” கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதிகமா சிரிச்சது நான். அந்தச் சிரிப்ப இப்ப தொண்டைக்குள்ள திருப்பிப் போட முடியுமா. அவரு சித்தப்பாவுக்குக் கண்ணுல கத்தி வச்சாங்களாம், அதுக்கப்புறம் அவரு கோழியையும் காக்காயையும் ஒண்ணுங்குறாராம், அதையும் ஜோக்காத்தான் சொல்லுவாரு. எங்க வீட்டுல பயம் எல்லாம் ஜோக்கு வேசம் போட்டுக்கிட்டுத்தான் வரும், பயமாத் தனியா வந்து நின்னா கதவத் தொறக்க மாட்டோம்.

லாரிக்காரன் பிரேக்க மிதிச்சு விடுறான், சும்மா, பொழுது போகல போல. செவப்பு லைட்டு. திரையில முட்டைக்கண்ணன் பக்கம் குப்புனு பூக்குது. அந்தப் பூவுல ஒரு கோடு இருக்கு. சாய்வா, துணி மடிப்பு மாதிரி. லைட்டு அணைஞ்சா கோடும் காணோம். மறுபடி மிதிக்கிறான், மறுபடி அதே கோடு, அதே எடம். வெளிய இருக்குறது எதுவும் இப்படி ஒரே எடத்துல நிக்காது. திரையில இருக்குறது ரெண்டு கண்ணையும் சேத்துப் போட்ட கலர் கணக்கு, நேரா எடுத்த படத்துல வலது கண்ணோடத மட்டும்தான் நான் அப்பப்ப பாப்பேன். இடது கண்ணு படத்த ஒரு தடவ கூடத் தொறந்து பாக்கல, இத்தன நாளா. தொறக்குறேன். மூடுபனி. மார்கழி மாசம் மொத்தமும் அந்த லென்ஸுலதான் குடியிருக்கு. ஜன்னல் வழியா கைய விட்டு ஒயர அவுத்து கேமராவ உள்ள இழுத்து கேபின் லைட்டுல பாக்குறேன். இடது லென்ஸு மேல மஞ்சளா, காஞ்சு போயி, ஒரு இழுப்பு. மோந்து பாத்தேன். சந்தனம். எங்க வீட்டுல புதுசா எது வந்தாலும் அக்கா சந்தனம் குங்குமம் வைக்காம விட மாட்டா, பிரிட்ஜுக்கு வச்சா, மிக்ஸிக்கு வச்சா, என் லேப்டாப்புக்கு வச்சா, பாத்ரூம் ஹீட்டருக்குக் கூட வச்சா. இதுக்கு ரெண்டு கண்ணு இருக்கு, அப்ப ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது நெத்திதானேன்னு கரெக்டா நடுவுல வட்டமா வச்சிருந்தா. நான்தான், இர்ஃபான் கம்பெனிச் சாமானாச்சே, பாத்தா சிரிப்பானேன்னு, கட்ட வெரலால ஒரு இழுப்பு இழுத்துத் தொடச்சேன். ஈரச் சந்தனம். நடுவுலேர்ந்து இடது பக்கமா. தொடச்சிட்டேன்னு நெனச்சேன், பூசியிருக்கேன். இத்தன ராத்திரி இவன உளறுறான் உளறுறான்னு திட்டுனேன், இவனுக்கு இருந்தது ஒரு கண்ணு. ஒரு கண்ணோட, பாவம், இவ்வளவு தூரம் சமாளிச்சிருக்கான், பகல்ல முன்னப் பின்ன, இருட்டுல எதிர் வெளிச்சம் வந்தா பூத்துப் போயி. சட்ட நுனியில எச்சி தொட்டு மெதுவாத் தேய்க்கிறேன், கொழந்த முகத்தத் தொடைக்கிற மாதிரி. ரயிலு எங்கியோ தூரத்துல ஊதுது.

தொடச்சவன மடியில வச்சேன். லென்ஸு மாமா பக்கமாத் திரும்பியிருந்துச்சு, நான் திருப்பல, அப்படியே விழுந்துச்சு, இல்ல திருப்புனேனோ என்னமோ. திரையில மாமா வந்தாரு. அவ்வளவு சுத்தமா எதையும் அந்தத் திரையில நான் பாத்ததில்ல. மூக்கு ஒரு மஞ்சள், காது ஒரு பச்ச, ஸ்டீரிங்கு ஒரு வளையமா, பின்னாடி ஜன்னலு, ஜன்னலுக்கு வெளிய நீலம். எல்லாம் அது அது எடத்துல. நான் கதவுல முதுகச் சாச்சுக்கிட்டு என் பொட்டலத்த நீட்டுனேன். “மாமா, இதக் கொஞ்சம் புடிங்க.” “எனக்குத்தான் இருக்கே.” “புடிங்களேன்.” கைய நீட்டுனாரு. ரயிலு வந்துடுச்சு, கூட்ஸு, தடக் தடக்னு வண்டி பூரா நடுங்குது, கேனெல்லாம் கிலுகிலுங்குது, அந்த நடுக்கத்துல அவரு விரலு மூடுச்சு. நான் நகரல. அவரு என் மொகத்தப் பாத்தாரு, அப்புறம் என் மடியப் பாத்தாரு, திரைய. “அது என்னா ரெண்டு கலரு”ன்னு கேட்டாரு. ரயிலு சத்தத்துல கத்தித்தான் கேட்டாரு. ஜோக்கு வரிசை இன்னும் நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு, ஒண்ணு கூடவா ஒதவாது. “செவப்பு கடல மாமா. மஞ்சளு உங்க கை.” நடுவுல ஒரு சாண் எடம் இருந்துச்சு. அவரு கைய எடுக்கல. அந்த மஞ்சக் கை மெதுவா முன்னாடி வந்துச்சு, வந்துச்சு, ஆரஞ்சாச்சு, செவப்புல முட்டுச்சு, பொட்டலத்தத் தொட்டுச்சு. அப்புறம் எவ்வளவு பெட்டிங்க போச்சுன்னு தெரியல. ஒரு கூட்ஸு வண்டி இவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

கடைசிப் பெட்டி போனதும் காது அடைச்ச மாதிரி ஒரு அமைதி. உடனே பின்னாடி எல்லாரும் ஹாரனு. கேட்டு எந்திரிக்குது. லாரி பொகையக் கக்கிட்டு நகருது. மாமா சாவியத் தொடல. கதவத் தொறந்து எறங்குனாரு. கோவிச்சுக்கிட்டு நடந்து போயிடுவாரோ, இருட்டுல ஒத்தக் கண்ணோட ரயில்வே லைனு மேல, அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன், பாலு என்னாவும், நான் ஏன் அந்தப் பொட்டலத்த நீட்டுனேன். ஹெட்லைட்டு வெளிச்சத்துல பானெட்டத் தடவிக்கிட்டே சுத்தி வர்றாரு, பின்னாடி ஒருத்தன் அசிங்கமாத் திட்டுறான், அவரு காதுல வாங்கல. என் பக்கத்துக் கதவத் தொறந்தாரு. “தள்ளு.” “மாமா?” “அந்தப் பக்கம் போடா. லைசென்ஸு வாங்கி என்னத்துக்கு வச்சிருக்க, பூசை போடவா.” வாழ்க்கையில நான் பாஸ் பண்ண ஒரே பரீட்ச, ஆர்டிஓ ஆபீஸு மைதானத்துல இந்த வண்டியில எட்டு போட்டதுதான். அதுக்கப்புறம் இந்த ஸ்டீரிங்க அவரு யாருக்கும் குடுத்ததில்ல, அக்கா தொட்டாக் கூட வெரலு ரேகை பாப்பாரு. நகந்து உக்காந்தேன். சீட்டு அவரு சூட்டுல இருந்துச்சு. கிளட்ச விட்டேன், வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆச்சு. “பால தயிராக்கிடாத”ன்னாரு. மறுபடி. லைனு மேல ஏறி எறங்குறப்ப கேனு ஒவ்வொண்ணும் என் முதுகுத் தண்டுல எறங்குச்சு.

முன்னாடி லாரி, மயிலு, செவப்பு லைட்டு. மாமா மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு கேமராவ டேஷ்போர்டுல ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிருக்காரு. “ஒம்போதுங்குது”ன்னாரு. கொஞ்சம் கழிச்சு, “எட்டு. மெதுவாப் போ.” சரியாத்தான் இருந்துச்சு, எனக்கும் எட்டாத்தான் பட்டுச்சு. எதுத்தாப்புல ஒரு பஸ்ஸு ஹைபீம் போட்டுக்கிட்டு வந்துச்சு. அவரு தலையத் திருப்பிக்கிட்டாரு. திரை பூக்கல. பஸ்ஸு தாண்டிப் போச்சு. போன் சட்டப் பையில அதிருது, இர்ஃபான், எது, எது.

“எத வச்சுக்கப் போற”ன்னு மாமா கேட்டாரு.

“முட்டைக்கண்ணன.”

“அது தெனமும் உளறுதுன்னியே.”

“இடது கண்ணுல சந்தனம் இருந்துச்சு மாமா. தொடச்சேன், சரியாயிடுச்சு.”

அவரு கேமராவ விட்டு ஒரு கைய எடுத்தாரு. கடலய உரிச்சாரு, ஒண்ண வாயில போட்டாரு, ஒண்ண என் பக்கம் நீட்டுனாரு, அது என் தாடையில வந்து முட்டுச்சு, நான் குனிஞ்சு வாயால வாங்கிக்கிட்டேன். பால் நெலையத்து லைட்டு தூரத்துல தெரிய ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் சொன்னாரு.

“தொடைக்கிறதுன்னா கண்ணாஸ்பத்திரியில எத்தன நாளு படுக்க வைப்பானுங்கன்னு கேட்டு வையி. அது வரைக்கும் நீதான் ஓட்டணும். உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

நான் அவரு பக்கம் திரும்புனேன்.

“ஆறுங்குதுடா. ரோட்டப் பாரு.”